ஆற்று மீனைச் சோதித்து அறிவிக்கக் கேட்போம்

தஞ்சாவூர், திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் வட்டார மக்களுக்கு,

காவிரிக் கரையில் விவசாயம் பார்க்கிறவர்களும் வலை போடுகிறவர்களும் வீட்டில் சமைக்கிற பெண்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரியின் தண்ணீர், அடிமண், மீன் மூன்றையும் சோதித்து, காட்மியமும் ஈயமும் கவலை தருகின்றன, ஆற்று மீனை அளவோடு உண்ணுங்கள் என்று சொன்னது 2025-இல் செய்தியாக வந்தது. அதற்கு முன்பே, 2021-இல், சென்னை ஐ.ஐ.டி. ஆய்வு காவிரி நீரில் ஆர்சனிக், குரோமியம், ஈயம், நிக்கல் இருப்பதைக் காட்டியது. இரண்டு செய்தியும் நாலு நாள் பேச்சோடு போய்விட்டன.

நாம் போடும் பாஸ்பேட் உரத்திலும் கொஞ்சம் காட்மியம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆற்றின் மேல்பகுதியில் நடந்ததும் நடப்பதும் பெரிது. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனது. 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. அந்த நொய்யல் கரூர்ப் பக்கம் காவிரியில்தான் கலக்கிறது. உலோகம் மக்காது. சேற்றில் படியும், வெள்ளத்தில் நகரும்.

கெளுத்தியும் அயிரையும் அந்தச் சேற்றைக் கிளறித்தான் இரை எடுக்கின்றன. விராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும், மஞ்சள் போட்டு அலசினாலும், குழம்பு எவ்வளவு கொதித்தாலும் ஈயம் போகாது. சதையைவிட ஈரல், குடல், செவுள், முள் ஆகியவற்றில் அது அதிகம் சேர்கிறது. அயிரையை முழுசாகவே தின்கிறோமே, அதுதான் எங்கள் கவலை. பெரிய மீன் என்றால் குடலையும் ஈரலையும் செவுளையும் எடுத்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஆற்று மீனைக் குறைத்துக் கொடுங்கள். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காட்மியம் சிறுநீரகத்தில் பத்து, இருபது ஆண்டுகள்கூடத் தங்கும்.

ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கத்துக் காட்மியம் பாசன நீரோடு வயலுக்குப் போய் அரிசியில் ஏறியது. எலும்பு நொறுங்கிப் பெண்கள் வலியில் துடித்தார்கள். சுரங்கக் கழிவுதான் காரணம் என்று அரசு 1968-இல்தான் ஒப்புக்கொண்டது. நம் ஊர் அந்த நிலைக்கு வரவில்லை. வராமல் பார்க்கத்தான் இப்போதே கேட்கிறோம்.

ஆற்று மீன் வாங்குவதை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பாலத்தடியில் கூடை வைத்து விற்கிறவர் கழிவை விடவில்லை. விற்றது போக மிஞ்சிய மீனை அவர் வீட்டில்தான் தின்கிறார்கள். எல்லாரையும்விட அதிகம் பாதிக்கப்படுவது அந்தக் குடும்பம்.

மீனில் ஈயம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஈயம் இருக்கிறதா, அந்த அளவை மீறியிருக்கிறதா என்று சந்தையில் நிற்கிற நமக்குச் சொல்ல ஆளில்லை. ஆய்வுக்கூடத்துக்கும் பஞ்சமில்லை: தஞ்சாவூரிலேயே தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம்.

மேட்டூர் அணை திறந்த பிறகு ஒரு முறை, தண்ணீர் நின்று மடுக்களில் மீன் ஒதுங்கும் கோடையில் ஒரு முறை, மீனையும் தூர்வாரிய மண்ணையும் சோதித்து, மீன் வகை, பிடித்த இடம், உலோக அளவு மூன்றையும் தமிழில் எழுதி மீன் சந்தையில் ஒட்ட வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் தங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கொடுங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்பி, எழுத்தில் பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.