முதிய விமானங்கள் விண்ணில் பறக்கலாமா?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

'நாட்' என்றால் ஆங்கிலத்தில் கொசுவைப் போன்றதொரு சின்னஞ்சிறு பூச்சி. அப்பெயர் தாங்கிய போர் விமானத்தை நம் பாரத நாட்டவர் எளிதில் மறக்க மாட்டார்கள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானத்தளத்தைத் தாக்க வந்த பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்துப் போரிட்டு வீரமரணம் எய்திய நிர்மல் ஜித் சிங் செக்கோன் ஓட்டியது நாட் விமானமே. நம் விமானப்படையில் பரம் வீர் சக்கரம் பெற்றவர் இவர் ஒருவரே அன்றோ!

இவ்விமானத்திற்கு இருவர் முன்பின்னாக அமரும் உடன்பிறப்பு ஒன்று உண்டு. அது மாணவ விமானிகளுக்கான ஜெட் பயிற்சி விமானம். 1959-இல் முதன்முதல் பறந்தது. இங்கிலாந்து விமானப்படைக்காக 105 விமானங்கள் கட்டப்பட்டன. இறக்கையின் முழு அகலமே 24 அடிதான். எங்கள் வகுப்பறையில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம் போலும்! புகழ்பெற்ற 'ரெட் ஆரோஸ்' சாகசக் குழுவினர் 1965 முதல் 1979 வரை இதில்தான் வித்தை காட்டினர். நாட் விமானத்தை வடிவமைத்த பெட்டர் என்பவர், பின்னர் விமானத் தொழிலையே துறந்து, ஸ்விட்சர்லாந்தில் ஒரு சமயக் குழுவினருடன் வாழச் சென்றுவிட்டார். எங்கள் அருட்சகோதரியருக்கு இச்செய்தி பிடிக்கும் என்று நம்புகிறோம்.

படையிலிருந்து ஓய்வு பெற்ற இவ்விமானங்களுள் சில, ஆர்வலர்களின் கைக்கு வந்தன. அவற்றைப் பழுதுபார்த்து மீண்டும் பறக்கவிடுவது எளிய செயலன்று. உதிரி பாகம் வேண்டுமென்றால் கடையில் கிடைக்காது. அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு விமானத்தைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். ரப்பர் குழாய்கள் இறுகிப்போயிருக்கும், மின்கம்பிகளின் உறை உதிரும். உலோகமும் களைத்துப் போகும் என்பது எங்களில் பலருக்குப் புதிய செய்தி. ஆகையால் ஒவ்வொரு விமானமும் எத்தனை மணி நேரம் பறந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வருகிறார்கள். இத்தனை பாடுபடும் அந்த முதியோரையும் இளைஞரையும் நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

எனினும் 2015 ஆகஸ்ட் மாதத்தில் நடந்தவற்றையும் சொல்லியாக வேண்டும். முதல் தேதியன்று ஓல்டன் பார்க் என்னுமிடத்தில் நடந்த காட்சியில், இத்தகைய நாட் பயிற்சி விமானம் ஒன்று தாழ்வாக உருண்டு வித்தை காட்டுகையில் விழுந்து, விமானி உயிரிழந்தார். பார்வையாளர் எவருக்கும் தீங்கில்லை. மூன்றே வாரங்களில், 22-ஆம் தேதி, ஷோரம் என்னும் ஊரில் 1955-இல் கட்டப்பட்ட 'ஹண்டர்' விமானம் ஒன்று (இதுவும் இருவர் அமரும் பயிற்சி விமானமாக மாற்றப்பட்டதே) வானில் குட்டிக்கரணம் அடித்து நிமிர முடியாமல் நெடுஞ்சாலையில் விழுந்தது. பதினொருவர் மாண்டனர். விமானி பிழைத்துக்கொண்டார்.

மாண்டவர்கள் யார்? காட்சித் திடலுக்குள் இருந்தவர்கள் அல்லர். சாலையில் சென்றோரும் சாலையோரம் நின்றோருமே. கால்பந்தாட்டத்திற்குப் போய்க்கொண்டிருந்த இளைஞர் இருவர். மணப்பெண்ணை அழைத்துவரக் கார் ஓட்டிச் சென்ற பெரியவர் ஒருவர். அந்த மணப்பெண்ணை நினைத்து எங்கள் வகுப்பே சற்று நேரம் பேசாதிருந்தது.

விமானம் கிழடு, அதனால் விழுந்தது என்று பலர் எண்ணுவர். விசாரணை அறிக்கை அப்படிக் கூறவில்லை. கரணத்தைத் தொடங்க 350 நாட் வேகம் வேண்டும். இருந்ததோ ஏறத்தாழ 310. (இந்த 'நாட்' பூச்சியன்று, வேக அளவு!) உச்சியில் குறைந்தது 3,500 அடி உயரம் வேண்டும்; எட்டியது சுமார் 2,700 அடியே. அப்போதுகூட கரணத்தைக் கைவிட்டுத் தப்பியிருக்க முடியும் என்கிறது அறிக்கை. விமானி மீதான வழக்கில் 2019-இல் அவர் குற்றவாளி அல்லர் எனத் தீர்ப்பானது. 2022-இல் நடந்த மரண விசாரணையோ, அப்பதினொருவரும் சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என முடிவு கூறியது. இவ்விரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று எங்களுக்கு விளங்கவில்லை. மாண்டோரின் வீட்டாருக்கு மட்டும் விளங்கியிருக்குமா?

"அருங்காட்சியகத்தில் நிறுத்திவைத்தால் போதாதா?" என்று எங்களுள் ஒரு சாரார் கேட்கின்றனர். போதாது என்பதே நம் கருத்து. ஓசையின்றித் தூசி படிந்து நிற்கும் விமானம் பாடம் பண்ணிய பறவையைப் போன்றது. மேலும், பறக்க வேண்டிய தேவை இல்லையென்றால் அதைச் சரிசெய்யும் தொழிலும் மறைந்துபோகும். ஆனால் விமானி தம் உயிருக்கு வரும் ஆபத்தைத் தாமே தெரிந்து ஏற்கிறார். நுழைவுச் சீட்டு வாங்கியவரும் ஓரளவு ஏற்கிறார். சாலையில் காரோட்டிச் சென்றவரை யார் கேட்டார்கள்? ஷோரம் விபத்துக்குப் பின், பழைய போர் ஜெட் விமானங்கள் தரைமேல் நேராகப் பறந்து செல்லலாம், வித்தை காட்டலாகாது என்று அந்நாட்டார் கட்டுப்படுத்தினர். அது முற்றிலும் சரியே. குட்டிக்கரணம் போடாவிட்டால் நாட் விமானத்தின் அழகு குறைந்துவிடுமா என்ன?

கடல்மேல் நடத்தினால் தொல்லை தீர்ந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நம் விமானப்படை நடத்திய காட்சியில் டகோட்டா, ஹார்வர்டு ஆகிய முதுபெரும் விமானங்களும் பங்குகொண்டன. விண்ணில் ஒரு பிழையும் நேரவில்லை. மணலில் கூடிய பல லட்சம் மக்களிடையே வெயிலாலும் நெரிசலாலும் ஐந்து பேர் மாண்டனர். ஆகவே காட்சி நடத்துவோர் முதலில் குடிநீருக்கும் நிழலுக்கும் வீடு திரும்பும் வழிக்கும் திட்டம் காட்டட்டும். பிறகு விமானங்களுக்கு அனுமதி வழங்கலாம் என்பது நம் கோரிக்கை.

விடுதித் தோழியர் சிலர் இன்னமும் அருங்காட்சியகமே மேல் என்று பிடிவாதமாய் நிற்கின்றனர். அவர்கள் தங்கள் பதிலை அடுத்த ஆண்டு மலரில் எழுதட்டும்.