சீட்டு எல்லை தாண்டுகிறது, சலுகை தாண்டவில்லை

நாயுடுபேட்டை:
வாழ்க்கை சீர்பட எதை மாற்ற வேண்டும் என்று வெளி மாநிலத்தில் பிழைப்பு நடத்தும் தமிழர்களைக் கேட்டால், முதலில் வரும் பதில் கூலி. கூலி உயர வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் பேச்சு சற்று நீண்டால் மற்றக் குறைகளும் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது, வயிறு இங்கே இருக்கிறது. ஓட்டு ஊரில், வேலை இங்கே. பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டால் சொந்த மாநிலத்துக்குப் போகச் சொல்கிறார்கள். தாயாருக்கு முதியோர் பென்ஷன் கேட்டாலும் அதே பதில்தான்.

இந்தக் குறைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் மாற்ற வேண்டியது என்ன என்பது தெளிவாகிறது. உழைப்பவன் எங்கே போகிறானோ அங்கே அவனுடைய உரிமையும் கூடவே போக வேண்டும். இது நடவாத காரியமா? ஓரளவு நடந்தே இருக்கிறது. எது நடந்தது, எது பாக்கி என்று ஆராய்வது பயனுள்ளது.

நாயுடுபேட்டைக்கும் சென்னைக்கும் ரயிலில் சுமார் 110 கிலோமீட்டர்தான் தூரம். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறக்கும்வரை இரண்டும் ஒரே சென்னை ராஜ்யத்தில் இருந்தன. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பின்னர் பட்டாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழகத்துக்கும், சத்தியவேடு ஆந்திரத்துக்கும் போயின. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த நாயுடுபேட்டை, 2022 ஏப்ரல் 4ஆம் தேதி புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆட்கள் இருந்த இடத்தில்தான் இருந்தார்கள். அவர்கள் விலாசம்தான் மாறிக்கொண்டே வந்தது.

மாநில எல்லை ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் இடையில் வருகிறது. வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிவதே இல்லை. நாயுடுபேட்டையில் வாங்கிய சீட்டைப் பொன்னேரியில் செல்லாது என்று யாரும் சொல்வதில்லை. 150 கிலோமீட்டர் வரை வழங்கப்படும் சீசன் டிக்கெட்டும் அப்படித்தான். கூடூருக்குத் தெற்கே ஒரு ரயில்வே, வடக்கே இன்னொரு ரயில்வே. கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கணக்குப் பிரிவினர் தங்களுக்குள் தீர்த்துக்கொள்கிறார்கள். அதற்காகப் பயணியை அலைய விடுவதில்லை. மற்ற இலாகாக்களிலும் இதே முறை வந்தால் போதும் என்பதுதான் நமது வாதம்.

ரேஷனில் கிடைத்த பாதி வெற்றி

ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் 2019 ஆகஸ்டில் ஆந்திரம், தெலங்கானா ஜோடியிலும், மகாராஷ்டிரம், குஜராத் ஜோடியிலும் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. வேலை போய், வாடகைக்கு வழியின்றி, ரேஷனும் இன்றி லட்சக்கணக்கானோர் நடந்தே ஊர் திரும்பியதை நாடு பார்த்தது. மே 1 முதல் விடப்பட்ட 4,000க்கு மேற்பட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் 60 லட்சத்துக்கும் அதிகமானோர் ஊருக்குப் போனார்கள். கையில் இருந்த கார்டு இருந்த இடத்திலேயே செல்லுபடியாகி இருந்தால் அவர்களில் பலர் அவசரப்பட்டு ஓடியிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாடு 2020 அக்டோபர் 1ஆம் தேதி இத்திட்டத்தில் சேர்ந்தது. எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை 31க்குள் இதை அமல் செய்ய வேண்டும் என்று 2021 ஜூன் 29ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. கடைசி மாநிலமாக அஸ்ஸாம் 2022 ஜூனில் சேர்ந்தது.

இதன்படி ஆதாருடன் இணைத்த கார்டு உள்ளவர், ஊர்க் கார்டை ரத்து செய்யாமலே இங்குள்ள கடையில் கைரேகை வைத்து ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் வாங்கலாம். தம் பங்கை இங்கே வாங்கிக்கொண்டு, ஊரில் இருக்கும் குடும்பத்தார் மீதியை அங்கே வாங்கவும் வழி உண்டு. 2023 ஜனவரி முதல் இந்தத் தானியம் இலவசம். 2024 ஜனவரி 1 முதல் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு இச்சலுகை நீட்டிக்கப்பட்டது. ஆந்திரத்தில் 2021 முதல் வேனில் வீட்டு வாசலுக்கு வந்த ரேஷன், 2025 ஜூன் 1 முதல் மறுபடியும் கடைக்கே வந்துவிட்டது. ஆகவே கடை எது, எந்தத் தேதியில் திறக்கும் என்று விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எல்லை தாண்டுவது 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டு மட்டுமே. தமிழ்நாட்டுக் கார்டில் பி.எச்.எச். என்று போட்டிருந்தால் முன்னுரிமைக் குடும்பம், கவலை இல்லை. அந்தியோதயா கார்டுக்கும் கவலை இல்லை. என்.பி.எச்.எச். என்று போட்டிருந்தால் அது மாநில அரசு தன் செலவில் அரிசி தரும் கார்டு. தமிழ்நாட்டுக்கு வெளியே அதற்கு அரிசி இல்லை. மலிவு விலைத் துவரம் பருப்பும் பாமாயிலும் எந்தக் கார்டுக்கும் எல்லை தாண்டாது. தமிழ்நாடு எல்லோருக்கும் ரேஷன் தரும் மாநிலம் என்பது நமக்குப் பெருமை. அந்தப் பெருமை தடாவுக்கு முன்பே இறங்கிவிடுகிறது.

இரண்டு பக்கமும் கணக்கு

மாநில அரசுகள் தரும் மற்றச் சலுகைகளின் கதையும் இதுதான். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆந்திரத்தில் 2025 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஸ்த்ரீ சக்தி திட்டம் வந்தது. ஆந்திரத்தில் வசிப்பதற்கான அடையாள அட்டை காட்ட வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பஸ்களுக்கு அது கிடையாது. இரு மாநிலத்திலும் இலவசப் பயணம் இருந்தும், எல்லையைத் தாண்டும் பெண் தொழிலாளி டிக்கெட் வாங்கித்தான் தீர வேண்டும்.

பென்ஷன் இன்னும் பெரிய விஷயம். தமிழ்நாட்டில் முதியோர், விதவையர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. ஆந்திரத்தில் அதே வகைப் பென்ஷன் 2024இல் 4,000 ரூபாய் ஆக்கப்பட்டது. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதற்கு அந்த மாநிலத்துக் குடும்ப அட்டை வேண்டும்.

எனவே இங்கே குடியிருக்கும் குடும்பம் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கார்டை இந்தப் பக்கம் மாற்றினால் மனைவியின் ஆயிரம் போகும். மாற்றாவிட்டால் தாயாரின் நாலாயிரத்துக்கு வழியில்லை. இரண்டு பக்கமும் பெயர் வைத்துக்கொள்வது குற்றம். இந்தக் கணக்கைப் போடும் நிலைக்கு ஏழைக் குடும்பத்தைத் தள்ளியது யாருடைய தவறு என்று ஆராய்வதைவிட, இரு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேசி வழி காண்பதே மேல்.

பழைய சட்டமும் புதிய சட்டமும்

வெளி மாநிலத் தொழிலாளிக்கென்று சட்டம் இல்லாமல் இல்லை. 1979இல் பார்லிமெண்ட் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. ஐந்து பேர் இருந்தாலே அது பொருந்தும். காண்டிராக்டர் போட்டோ ஒட்டிய பாஸ் புத்தகம் தர வேண்டும். போக வரப் பயணப்படி தர வேண்டும். ஊரை விட்டு வந்ததற்காக மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், இதில் எது அதிகமோ அதை இடப்பெயர்ச்சிப் படியாகத் தர வேண்டும். இருப்பிடமும் மருத்துவ வசதியும் தர வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருந்தது. காண்டிராக்டர் மூலம் வந்தவருக்கே அது பொருந்தும் என்பதால், மாமா மச்சான் சொல்லி ரயில் ஏறி வந்தவருக்கு அதில் இடமே இல்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்களே.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. தானாக வந்து வேலை தேடிக்கொண்டவரும் இனி வெளி மாநிலத் தொழிலாளிதான். மாதச் சம்பளம் 18,000 ரூபாய்க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ரேஷனைச் சொந்த ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ வாங்கும் உரிமையைச் சட்டமே பேசுகிறது. ஊருக்குப் போய் வரப் பயணப்படியும் உண்டு. ஆனால் ஐந்து பேர் என்று இருந்தது பத்துப் பேராகிவிட்டது. இடப்பெயர்ச்சிப் படி போய்விட்டது. ஏழெட்டுப் பேரை வைத்து ஓட்டல் நடத்துபவரிடம் வேலை செய்பவருக்கு இந்தப் பகுதியால் பயன் இல்லை.

ஓட்டு எங்கே?

ஓட்டு விஷயத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே வாக்காளர் ஆகலாம். மொழி, சாதி, பிறந்த மாநிலம் எதுவும் தடை இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் பெயர் இருக்கக் கூடாது.

ஊரிலேயே ஓட்டு இருக்கட்டும், இங்கிருந்தே போடும் வசதி வேண்டும் என்பவர்களும் உண்டு. 72 தொகுதிகளுக்கு ஒரே இடத்தில் ஓட்டுப் போடக்கூடிய இயந்திரம் ஒன்றை உருவாக்கியிருப்பதாகத் தேர்தல் கமிஷன் 2022 டிசம்பரில் அறிவித்தது. 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்துப் பேசியபோது எதிர்க்கட்சிகள் பலத்த சந்தேகம் கிளப்பின. கமிஷன் முதலில் சொன்ன காலத்தில் அந்த இயந்திரம் தேர்தலுக்கு வரவில்லை. இதற்கிடையே 2025 நவம்பர் 4ஆம் தேதி தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், வீட்டில் இல்லாதவர், குடிபெயர்ந்தவர் என்ற காரணங்களால் வரைவுப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் ஏராளம். இங்கும் பெயர் இல்லை, அங்கும் பெயர் போயிற்று என்றால் எந்த எம்.எல்.ஏ.வும் நம் குறையைக் கேட்கக் கடமைப்பட்டவர் அல்லர். கூலி உயர்வுகூட அதற்குப் பிறகுதான்.

பள்ளியும் சான்றிதழும்

தாய்மொழிக் கல்விக்கு அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே, 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி மந்திரிகள் ஓர் அளவு வகுத்தார்கள்: ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் அல்லது பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகள் இருந்தால் ஆரம்பக் கல்வியில் தாய்மொழி ஆசிரியர் தரப்பட வேண்டும். சித்தூர் வட்டாரத்தில் தமிழ்ப் பள்ளிகள் நிலைத்திருப்பதற்குக் காரணம் அங்கே தமிழர் பல தலைமுறையாகக் கூடி வாழ்வது. வேலைக்காக ஊர் ஊராகச் சிதறி இருப்பவர்கள் அந்தப் பத்துப் பெயரைச் சேர்ப்பதே பெரும்பாடு. பிள்ளைகள் தெலுங்கு படிப்பது நல்லதே. இந்த ஊரில் பிழைக்க அது வேண்டும். தமிழும் எழுதப் படிக்கத் தெரியாமல் போனால் ஊர் திரும்பும் நாளில் அவர்கள் அங்கேயும் அயலார் ஆவார்கள்.

சாதிச் சான்றிதழ்தான் எல்லாவற்றிலும் கடினமானது. அட்டவணை வகுப்பினர் பட்டியல் மாநிலவாரியாகப் போடப்பட்டது. ஒரு மாநிலத்து அட்டவணை வகுப்பினர் பிழைக்கப் போன மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2018 ஆகஸ்டில் பீர் சிங் வழக்கிலும் அதையே உறுதி செய்தது. சொந்த மாநிலச் சான்றிதழ் மத்திய அரசு வேலைக்குச் செல்லும். ஆந்திர அரசின் கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லாது. தீண்டாமையின் வடு மாத்திரம் ரயிலில் கூடவே வருகிறது. இதை மாற்ற நீதிமன்றம் போதாது, பார்லிமெண்ட் வேண்டும்.

செய்ய வேண்டியது

2011 ஜனகணனப்படி நாட்டில் பிறந்த ஊர் அல்லது முந்திய ஊர் விட்டு வாழ்வோர் சுமார் 45 கோடிப் பேர். அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 7 லட்சம். அடுத்த ஜனகணனத்துக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள் என்று 2025 ஜூனில் அரசிதழில் அறிவிப்பு வெளியானது. கணக்கெடுப்பவர் கேட்கும்போது தாய்மொழியையும், எந்த ஊரிலிருந்து, எதற்காக வந்தோம் என்பதையும் சரியாகச் சொல்லிப் பதிய வைப்பது அவசியம். பள்ளியும் ரேஷனும் அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஒதுக்கப்படும். அமைப்புசாராத் தொழிலாளர் 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவையும் செய்து கொள்ளலாம். 30 கோடிக்கு மேற்பட்டோர் பதிந்துவிட்ட அந்தப் பட்டியலில் நாம் இல்லாமல் இருப்பதில் ஒரு லாபமும் இல்லை.

அரசாங்கங்களிடம் கேட்க வேண்டியதும் தெளிவு. என்.பி.எச்.எச். கார்டுக்கு ஆந்திரத்தில் அரிசி தந்து, அதற்கான பணத்தைத் தமிழக அரசிடம் ஆந்திர அரசு வாங்கிக்கொள்ளட்டும். ஓர் ஊரில் குறிப்பிட்ட ஆண்டுகள் வசித்தவருக்கு அந்த ஊர்ப் பென்ஷன் கிடைக்கட்டும். கணக்கை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.

இதைத் தமிழர் கோரிக்கை என்று மட்டும் வைத்தால் பலிக்காது. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் பிழைக்கப் போன தெலுங்குத் தொழிலாளிக்கும் இதே குறைகள் உண்டு. பீகார், ஒடிசாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்திருப்பவர்களின் குறைகளும் இவையே. இங்கே நமக்குக் கேட்பதை அங்கே அவர்களுக்குக் கொடுக்கச் சம்மதிக்கும் மனம் நமக்கு வேண்டும். இரு மாநிலத் தொழிற்சங்கங்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு இரு தலைநகருக்கும் அனுப்பினால், அதை இது எங்கள் மாநிலப் பிரச்னை இல்லை என்று ஒதுக்குவது எந்த அரசுக்கும் எளிதாக இராது.