ஒரு மேயரும் இரண்டு வாக்குப் பட்டியல்களும்

அதிகாரப் பரவல் என்றாலே அது சனநாயகம் என்று நம் தோழர்கள் பலர் எண்ணுகிறார்கள். தில்லியிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து ஊராட்சிக்கும் அதிகாரம் இறங்கினால் அது கடைசி மனிதரையும் எட்டிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க ஓர் உரைகல், பிரெஞ்சு சோசலிஸ்ட் தலைவர் கஸ்தோன் தெஃபேரின் அரசியல் வாழ்க்கை.

நாட்சி ஆக்கிரமிப்பை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் இருந்த வழக்கறிஞர் அவர். 1953 முதல் 1986 மே மாதம் இறக்கும்வரை, 33 ஆண்டுகள், மர்செய் துறைமுக நகரின் மேயர். இடையில் பலமுறை அமைச்சர். இரண்டு சட்டங்கள் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன.

முதலாவது 1956 சூன் 23ஆம் நாள் சட்டம். அப்போது அவர் கடல்கடந்த பகுதிகளுக்கான அமைச்சர். ஆப்பிரிக்கக் குடியேற்றப் பகுதிகள் பலவற்றில் ஐரோப்பியருக்கு ஒரு வாக்குப் பட்டியல், ஆப்பிரிக்கருக்கு வேறொன்று. கைப்பிடியளவு வெள்ளையருக்குத் தனி இடங்களைக் காத்துத் தந்த ஏற்பாடு அது. தெஃபேர் சட்டம் அதை ஒழித்து, எல்லோருக்கும் வாக்கு, ஒரே பட்டியல் என்றாக்கியது. ஆனால் அல்சீரியாவுக்கு அது பொருந்தவில்லை. அவர் இடம்பெற்றிருந்த கி மொல்லே அரசு அங்கே சிறப்பு அதிகாரங்களோடு போர் நடத்திக்கொண்டிருந்தது.

இந்தப் பட்டியல் தந்திரம் தமிழருக்குப் புதிதல்ல. பிரெஞ்சுப் புதுச்சேரியில் 1884இல் ஐரோப்பியர், சாதி வழக்கைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர், ஏனையோர் என மூன்று பட்டியல்கள் வகுக்கப்பட்டன. சாதி வழக்கத்தைக் காக்கப் புறப்பட்ட சண்முக வேலாயுத முதலியாரின் செல்வாக்கு அந்தக் களத்தில்தான் செழித்தது.

இரண்டாவது 1982 மார்ச் 2ஆம் நாள் சட்டம். இம்முறை அவர் மித்தரான் அரசின் உள்துறை அமைச்சர். நகராட்சி முடிவெடுக்கும் முன்பே தலையிட மாவட்ட ஆட்சியருக்கு இருந்த அதிகாரத்தை அச்சட்டம் நீக்கியது. மாவட்ட நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத் தலைவரிடம் ஒப்படைத்தது. மேயர்கள் வலுப்பெற்றார்கள். ஆனால் அந்த மேயர்களைத் தேர்ந்தெடுப்பது யார்?

மித்தரானின் 1981 வாக்குறுதிகளில் ஒன்று, ஐந்தாண்டு வாழ்ந்த அயல்நாட்டவருக்கு உள்ளாட்சி வாக்குரிமை. அது நிறைவேறவே இல்லை. ஆவணமற்ற தொழிலாளர் சுமார் 1,30,000 பேருக்கு அந்த அரசு தங்கும் உரிமை கொடுத்தது உண்மை. அவர்கள் கையில் வாக்குச்சீட்டை மட்டும் கொடுக்கவில்லை. மர்செய்த் துறைமுகத்திலும் கட்டுமானத்திலும் உழைத்த அல்சீரியர், மேயரின் அதிகாரத்துக்கு ஆட்பட்டவர். மேயரோ அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்ல.

அதன் விளைவு 1973லேயே தெரிந்தது. மனநிலை பாதிக்கப்பட்ட ஓர் அல்சீரியர் பேருந்து ஓட்டுநரைக் கொன்றதும், 'லெ மெரிதியோனால்' நாளேடு அல்சீரியர் அனைவர் மீதும் வெறுப்பைக் கக்கித் தலையங்கம் தீட்டியது. அந்த வலதுசாரி ஏடு தெஃபேரின் பத்திரிகைக் குழுமத்துக்குச் சொந்தமானது. தொடர்ந்து அல்சீரியர் பலர் கொல்லப்பட்டனர். திசம்பரில் அல்சீரியத் துணைத் தூதரகக் குண்டுவெடிப்பில் நால்வர் மாண்டனர். வாக்கில்லாதவரின் பிணத்துக்குத் தேர்தலில் விலை இல்லை.

1983 உள்ளாட்சித் தேர்தலில் நகர் முழுவதும் எதிரணிக்கே கூடுதல் வாக்குகள். ஆனாலும், தாம் கொண்டுவந்த வட்டாரவாரித் தேர்தல் முறையால் தெஃபேர் மேயராகவே நீடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் குடியேறியோரின் பிள்ளைகள் சமத்துவம் கேட்டுப் பாரிசுக்கு நடைபயணம் புறப்பட்டார்கள். புறப்பட்ட இடம் மர்செய். அவர்களுக்குப் பத்தாண்டு வசிப்பு அட்டை கிடைத்தது, பெற்றோருக்கு உள்ளாட்சி வாக்கு கிடைக்கவில்லை. இன்று பிரான்சில் வாழும் போர்த்துகீசியர் நகராட்சிக்கு வாக்களிக்கலாம். அல்சீரியரும் செனகலியரும் முடியாது. 1956இல் ஆப்பிரிக்காவில் ஒழிந்த இரட்டைப் பட்டியல் பிரான்சுக்குள்ளேயே உயிர் வாழ்கிறது.

1956இல் தெஃபேர் அதிகாரத்தோடு வாக்கையும் பகிர்ந்தார்; அதுதான் அவர் செய்த நற்செயல். 1982இல் அதிகாரத்தை மட்டும் பகிர்ந்தார். அது ஏற்கெனவே வலுத்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய அவையில் அம்பேத்கர், கிராமத்தை அல்ல, தனிமனிதரையே அரசமைப்பின் அலகாகக் கொண்டதை வரவேற்றது இதனால்தான். நமக்கு வாக்கும் இருக்கிறது, இடஒதுக்கீடும் இருக்கிறது. ஆனாலும் 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். ஊருக்கு அதிகாரம் என்று யாராவது சொன்னால், எந்த ஊருக்கு, சேரியும் சேர்ந்த ஊருக்கா என்று கேட்டுவிட்டே கை தட்டுவோம்.