நிலவுக்குப் போகவில்லையாம்!

1969 ஜூலை 20இல் மனிதன் நிலவில் இறங்கவேயில்லை, அது படப்பிடிப்பு நிலையமொன்றில் எடுத்த நாடகம் என்னும் கதை யாழ்ப்பாணத்துக்கு வந்து வெகுகாலமாகிவிட்டது. வாசிகசாலையிலும் கலியாண வீட்டிலும் இதை உரத்துச் சொல்பவர்கள் படியாதவர்கள் அல்லர், பட்டதாரிகள். இக்கதையைப் பரப்பிய முதல்வர்களுள் ஒருவர் பில் கேசிங் என்னும் அமெரிக்கர். 1976இல் இதை நூலாக எழுதித் தாமே வெளியிட்டார். 2001இல் பொக்ஸ் தொலைக்காட்சி அதற்கு மறுபிறவி கொடுத்தது.

காற்றில்லா இடத்தில் கொடி விரிந்து நிற்பதெப்படி? மேல் விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பி இருந்தது, அவ்வளவுதான். படத்தில் நட்சத்திரங்கள் எங்கே? நல்லூர்த் திருவிழா இரவில் மின்விளக்குகளின் நடுவே எடுத்த படத்தில் நட்சத்திரங்களைத் தேடிப் பாருங்கள்.

இவற்றைவிடப் பெரிய சான்று சோவியத்தின் மௌனம். ஆம்ஸ்ட்ரோங்கும் ஓல்ட்ரினும் நிலவில் நின்றபோதே சோவியத்தின் லூனா 15 அங்கே வட்டமிட்டு, ஜூலை 21இல் மோதிச் சிதறியது. இங்கிலாந்தின் ஜோட்ரெல் பாங்க் தொலைநோக்கி இரண்டையும் செவிமடுத்தது. அமெரிக்கா பொய் சொல்லியிருந்தால், பனிப்போரின் உச்சத்தில் மொஸ்கோ அதைப் பொறுத்திருக்குமா? ஆறு பயணங்களில் 382 கிலோ கல்லும் மண்ணும் வந்தன. அம்மண்ணில் உயிரின் மூலப்பொருள்களைத் தேடி ஆராய்ந்தவர்களுள் ஒருவர் காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும. இந்தியாவின் சந்திரயான் 2 கலமும் 2021இல் அப்பலோ 11 இறங்கிய இடத்தைப் படமெடுத்திருக்கிறது. நாசாவிடம் சம்பளம் வாங்காதவர்களும் சாட்சிகளாக இருக்கிறார்கள்.

"அரசுகள் பொய் சொல்வதில்லையா?" என்று இறுதியில் கேட்பார்கள். சொல்கின்றன. அதை யாழ்ப்பாணத்தவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் உண்மையான மறைப்பு எப்படி உடைகிறது என்பதையும் நாம் கண்டிருக்கிறோமே! கிருசாந்தி குமாரசுவாமி 1996 செப்டெம்பரில் கொல்லப்பட்டார். 1998 ஜூலையில், அவ்வழக்கில் மரணதண்டனை பெற்ற சிப்பாய் ஒருவரே நீதிமன்றில் செம்மணிப் புதைகுழிகளைப் பற்றிச் சொன்னார். 1999இல் 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்டவை வெளிவந்தன. துப்பாக்கியின் பலத்தோடு காக்கப்பட்ட இரகசியமே இரண்டாண்டுக்குள் கசிந்தது. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் வேலை செய்த அப்பலோத் திட்டத்தில், அரை நூற்றாண்டு கடந்தும் ஒருவர்கூட ஆதாரத்தோடு வாய் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வருவது இதனாற்றான். நாளை ஒருவர், "செம்மணிப் படங்களும் சோடனைதான்" என்று சொன்னால், இந்தப் பட்டதாரிகள் எதைக் காட்டி மறுப்பார்கள்? புகைப்படத்தையா, ஆய்வுகூட அறிக்கையையா, நேரிற் கண்ட சாட்சியையா? இம்மூன்றையும் நிலவு விஷயத்தில் ஏற்கனவே குப்பையில் எறிந்துவிட்டார்களே!