ஒன்பது சீசன் போதாதா?
அமெரிக்க பேஸ்பாலின் நேஷனல் லீக் 1876-இல் தொடங்கியபோது, .429 சராசரியுடன் அதன் முதல் பேட்டிங் சாம்பியன் ஆனவர் சிகாகோ அணியின் ராஸ் பார்ன்ஸ். லீகின் முதல் ஹோம் ரன்னும் அவருடையதே. களத்துக்குள் குத்திவிட்டுப் பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி ஓடும் பந்தும் அன்று செல்லும். அந்த அடியில் அவர் கைதேர்ந்தவர். 1877-இல் விதி மாறியது, அவர் ஆட்டமும் சரிந்தது. உடனே ‘விதியால் வாழ்ந்தவர்’ என்று முத்திரை குத்திவிட்டார்கள். அதே ஆண்டு நோய் அவரை முடக்கியதைப் பலரும் சொல்வதில்லை. அந்தப் பழைய விதி எல்லோருக்கும் பொதுவாகத்தானே இருந்தது? புகழரங்கில் நுழையப் பத்து சீசன் ஆடியிருக்க வேண்டுமாம். இவர் ஆடியது ஒன்பது. லீகே பிறந்துகொண்டிருந்த காலத்து ஆட்டக்காரரை இந்தக் கணக்கு காட்டி வாசலில் நிறுத்துவது நியாயமே இல்லை.