171 நாட்கள்: ஒரு கணக்கும் ஒரு பொய்யும்

ஆண்டுதோறும் மார்ச் மாத இறுதியில் வட அமெரிக்க மேஜர் லீக் பேஸ்போலின் முப்பது கழகங்களும் தத்தமது குழாங்களை அறிவிக்கின்றன. புளோரிடாவிலும் அரிசோனாவிலும் வாரக்கணக்கில் நடைபெறும் வசந்தகாலப் பயிற்சி முகாம்களின் முடிவில் 26 பேர் தெரிவாகின்றனர். ஏனையோர் கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்குக்கு அனுப்பப்படுகின்றனர். அவ்வாறு அனுப்பப்படுவோருள், அதே முகாமில் எல்லோரையும் விடச் சிறப்பாக ஆடிய இளைஞர் ஒருவரும் சில ஆண்டுகளில் இருப்பார். அவரை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டால், களத்தடுப்பு இன்னும் மெருகேற வேண்டும் என்பார் கழக முகாமையாளர். மறுநாள் பத்திரிகைகளில் அவ்விளக்கம் எழுத்துப் பிசகாமல் வெளியாகும்.

அந்தத் தீர்மானம் பல வேளைகளில் விளையாட்டைப் பற்றியதே அன்று என்பதும், சொல்லப்படும் காரணம் பொய் என்பதும், அப்பொய்யை ஊருக்குச் சொல்லும் வேலையை எமது தொழிலைச் சேர்ந்தவர்களே செய்துவருகிறார்கள் என்பதும் எனது குற்றச்சாட்டு.

கிரிக்கெட்டோடு வளர்ந்த எம்மவர்க்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்கலாம். ஆனால் ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகளுக்கு ப்ளூ ஜேய்ஸ் கழகம் சொந்த ஊர்க் கழகம். அவர்களுக்குத் தெரிந்த கணக்கைப் பெற்றோருக்காக இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

மேஜர் லீக்கில் ஒரு வீரர் ஆறு ஆண்டுச் சேவையைப் பூர்த்தி செய்த பின்னரே, விரும்பிய கழகத்துடன் பேரம் பேசும் சுதந்திரம் அவருக்குக் கிடைக்கும். அதுவரை அவர் தம்மைத் தெரிவு செய்த கழகத்துக்குக் கட்டுப்பட்டவர். முதல் மூன்றாண்டுகளில் பெரும்பாலும் கழகம் கொடுப்பதே சம்பளம். அதன் பின்னரே நடுத்தீர்ப்பை நாடலாம். ஒரு பருவகாலம் ஏறத்தாழ 183 முதல் 187 நாட்கள் வரை நீடிக்கும். அதில் 172 நாட்கள் குழாத்தில் இருந்தால் ஓராண்டுச் சேவை. 171 நாட்கள் இருந்தால் அது ஓராண்டு அன்று.

சூது இங்கேதான் இருக்கிறது. திறமையான இளைஞரைப் பருவகாலத்தின் முதல் இரண்டு வாரங்கள் மட்டும் மைனர் லீக்கில் நிறுத்தி வைத்தால் போதும். கழகம் இழப்பது பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள். பெறுவதோ, அவர் உச்சத்தில் இருக்கும் வயதில் மேலதிகமாக ஒரு முழு ஆண்டு. நிரந்தரமாக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் தொழிலாளியை நிறுத்திவிட்டு, மறுவாரம் புதிதாக வேலைக்கு எடுக்கும் முதலாளியை எமது நாடுகளில் நாம் எல்லோரும் அறிவோம். அவருக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு?

2015 ஆம் ஆண்டு சிக்காகோ கப்ஸ் கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். கிறிஸ் பிரையன்ட் என்ற இளைஞர் 2013 இல் நாடளாவிய தெரிவில் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். 2014 இல் மைனர் லீக்கில் 43 ஹோம் ரன்கள் அடித்தார். 2015 வசந்தகால முகாமில் ஒன்பது ஹோம் ரன்கள், துடுப்பாட்டச் சராசரி.425. அந்த முகாம்களில் அவரளவு ஹோம் ரன் அடித்தவர் வேறெவரும் இல்லை. அவரைத்தான் மார்ச் 30 ஆம் திகதி கழகம் மைனர் லீக்குக்கு அனுப்பியது. களத்தடுப்பில் இன்னும் பயிற்சி தேவை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

அயோவாவில் அவர் ஆடியது ஏழே ஏழு ஆட்டங்கள். ஏப்ரல் 17 ஆம் திகதி சிக்காகோவுக்கு அழைக்கப்பட்டார். ஏழு ஆட்டங்களில் திருந்திவிடக்கூடிய களத்தடுப்புக் குறை என்னவென்று இன்றுவரை எவரும் விளக்கியதில்லை. அவ்வாண்டு பருவகாலம் 183 நாட்கள். அவர் தவறவிட்டவை 12. மிகுதி 171. ஓராண்டுச் சேவைக்கு ஒரு நாள் குறைவு!

அந்த ஆண்டே அவர் நெஷனல் லீக்கின் சிறந்த புதுமுக வீரரானார். அடுத்த ஆண்டு அதிமதிப்பு மிக்க வீரர் விருதைப் பெற்றார். அதே 2016 இல் சிக்காகோ கப்ஸ் 1908 இற்குப் பின்னர் முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. வீரர்கள் சங்கத்தின் துணையோடு பிரையன்ட் தாக்கல் செய்த முறைப்பாடு மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2020 தொடக்கத்தில் அவருக்கு எதிராக முடிந்தது. 2020 இறுதியில் சுதந்திரம் பெற்றிருக்க வேண்டியவர் மேலும் ஓராண்டு கட்டுண்டார். அந்த மேலதிக ஆண்டின் நடுவில், 2021 ஜூலையில், கழகம் அவரை சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றிவிட்டு, பதிலாக இரண்டு மைனர் லீக் இளைஞர்களைப் பெற்றுக்கொண்டது. பறித்த ஓராண்டைச் சந்தையில் விற்றுக் காசாக்கியது என்று சொல்வதில் தவறில்லை.

உள்நோக்கத்தை நிரூபிக்க முடியாது என்பார்கள். அந்த வாதத்துக்கும் 2021 பெப்ரவரியில் முடிவு வந்தது. சியாட்டில் மரினர்ஸ் கழகத்தின் தலைவராக இருந்த கெவின் மெதர், ஒரு றோட்டரிக் கழகக் கூட்டத்தில் இணையவழியாக மனந்திறந்து பேசினார். தமது இளம் வீரர்களின் சேவைக் காலக் கணக்கைத் தொடங்க விரும்பாமையால் அவர்களை மேலே கொண்டுவரவில்லை என்பது அவருடைய பேச்சின் சாரம். ஜரட் கெலெனிக் கழகம் முன்வைத்த நீண்டகால ஒப்பந்தத்தை மறுத்தவர் என்பதையும் அவரே சொன்னார். ஒளிப்பதிவு வெளியானதும் மெதர் பதவி விலகினார். ஆனால் அவர் சொன்னது பொய் என்று எவரும் நிரூபிக்கவில்லை. கெலெனிக்கும் பந்துவீச்சாளர் லோகன் கில்பர்ட்டும் ஒரே நாளில், 2021 மே 13 ஆம் திகதி, அறிமுகமானார்கள்.

கெலெனிக் முதலாண்டில் தடுமாறினாரே, கழகத்தின் கணிப்புச் சரிதானே என்று சிலர் கேட்கலாம். அவர் தடுமாறியது உண்மை. ஆயினும் கழகத் தலைவர் கூட்டத்தில் சொன்ன காரணம் வீரரின் ஆயத்தம் பற்றியது அன்று. தவறான காரணத்துக்காக எடுத்த முடிவு தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டால், அதனால் காரணம் நேர்மையாகிவிடாது.

ரொறன்ரோவும் விதிவிலக்கன்று. விளாடிமிர் குரெரோ ஜூனியர் 2018 இல் மைனர் லீக்கில் .381 என்ற சராசரியில் துடுப்பெடுத்தாடினார். இருந்தும் அவ்வாண்டு செப்டெம்பரில் அவருக்கு அழைப்பு வரவில்லை. 2019 முகாமின்போது, அவர் இன்னும் மேஜர் லீக் வீரராகவில்லை என்ற கருத்தைப் பொது முகாமையாளர் றொஸ் அற்கின்ஸ் வெளியிட்டார். பின்னர் மார்ச்சில் குரெரோவுக்கு உண்மையிலேயே காயம் ஏற்பட்டது; அதை மறைப்பது நேர்மையாகாது. ஏப்ரல் 26 இல் களமிறங்கினார். மேஜர் லீக் வீரராகவில்லை என்று சொல்லப்பட்ட அதே மனிதருக்குத்தான் 2025 ஏப்ரலில் அதே கழகம் 14 ஆண்டுகளுக்கு 500 மில்லியன் டொலர் எழுதிக் கொடுத்தது.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் குறுக்கிடுவார்: "ஐநூறு மில்லியன் பெறுகிறவனுக்காகவா அழுகிறீர்?"

நியாயமான கேள்வி. நான் அழுவது அவருக்காக அன்று. பெயர் பெற்ற, பலம் வாய்ந்த முகவரைக் கொண்ட, கோடிகளுக்கு உரிய இளைஞரிடமிருந்தே பகிரங்கமாக ஓராண்டைப் பறிக்க முடியுமென்றால், பெயர் தெரியாதவனுக்கு என்ன நடந்திருக்கும்? மைனர் லீக் வீரர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒருநாள்கூட மேஜர் லீக் சீருடை அணிவதில்லை. 2021 இற்கு முன்னர் அவர்களுள் கீழ்ப்படியில் ஆடியவருக்கு வாரச் சம்பளம் 290 டொலர். அதுவும் பருவகாலத்தில் மட்டும். வசந்தகால முகாமில் உழைத்த வாரங்களுக்குச் சம்பளமே கிடையாது. சம்பளச் சட்டத்தை மீறியதாக 2014 இல் முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கழக உரிமையாளர்கள் நீதிமன்றத்தில் வாதாடியதோடு நிற்கவில்லை. 2018 மார்ச்சில், 2,232 பக்கங்கள் கொண்ட வரவு செலவுச் சட்டமூலத்தின் நடுவே சிறு பகுதியொன்றைச் செருகுவித்து, மைனர் லீக் வீரர்களுக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கோரும் உரிமையையே இல்லாமற் செய்தார்கள். அந்தப் பகுதிக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்'. யாரிடமிருந்து காப்பாற்றினார்கள் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

வழக்கு 2022 இல் 185 மில்லியன் டொலர் இணக்கப்பாட்டில் முடிந்தது. அதே ஆண்டு மைனர் லீக் வீரர்கள் தொழிற்சங்கத்தில் இணைந்தார்கள். 2023 இல் கைச்சாத்திடப்பட்ட முதலாவது கூட்டு ஒப்பந்தம், உச்சப் படியில் ஆடுபவரின் ஆகக்குறைந்த ஆண்டுச் சம்பளத்தை 17,500 டொலரிலிருந்து 35,800 டொலராக உயர்த்தியது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக முடியாது என்று சொல்லப்பட்டது, சங்கம் அமைந்த ஆறேழு மாதங்களில் முடிந்தது. எந்தக் கழகமும் அதனால் மூடப்படவில்லை.

அப்படியாயின் இத்தனை காலம் இது எப்படி நிலைத்தது? விடை 1922 இல் இருக்கிறது. பேஸ்போல் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகம் அன்று என அமெரிக்க உயர் நீதிமன்றம் அவ்வாண்டு தீர்ப்பளித்து, ஏகபோக எதிர்ப்புச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்களித்தது. 1972 இல் கேர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரர் தொடுத்த வழக்கிலும் அவ்விலக்கு உறுதிப்படுத்தப்பட்டது. 1998 இல் அவர் பெயரால் இயற்றப்பட்ட சட்டம் மேஜர் லீக் வீரர்களின் தொழில் உரிமைகளுக்கு மட்டும் அதை நீக்கியது. மைனர் லீக்கைத் தொடவில்லை. கடைத்தெருவில் எந்த வியாபாரிக்கும் கிடைக்காத சலுகையை அனுபவித்துக்கொண்டு, சந்தையின் நியதி பற்றிப் பேசுவதற்கு இவர்களுக்கு என்ன தகுதி?

சிறு நகரக் கழகங்கள் பிழைக்க இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்பது அடுத்த வாதம். சிக்காகோ சிறு நகரமா? 2009 இல் ஏறத்தாழ 845 மில்லியன் டொலருக்குக் கைமாறிய கழகம் அது. வறியவனின் பெயரைச் சொல்லித் தனவந்தன் சலுகை பெறுவது உலகெங்கும் நடக்கும் கதை.

2022 ஒப்பந்தம் சில திருத்தங்களைக் கொண்டுவந்ததை மறுப்பதற்கில்லை. சிறந்த புதுமுக வீரருக்கான வாக்கெடுப்பில் முதலிரு இடங்களைப் பெறுபவர், எப்போது அழைக்கப்பட்டாலும் முழு ஆண்டுச் சேவையைப் பெறுவார். தொடக்கத்திலிருந்தே ஆடவிடும் கழகத்துக்கு மேலதிகத் தெரிவொன்று பரிசாகக் கிடைக்கவும் வழியுண்டு. 2024 இல் பிற்ஸ்பேர்க் கழகம் பந்துவீச்சாளர் போல் ஸ்கீன்ஸை மே 11 வரை கீழே வைத்திருந்தது. அவர் விருதை வென்று முழு ஆண்டையும் பெற்றார். கழகம் பரிசை இழந்தது. நல்லது. ஆனால் மூன்றாம், நான்காம் இடத்துக்கு வரும் இளைஞரின் கதி என்ன? செய்த வேலைக்குரிய ஆண்டைப் பெற அவர் வாக்கெடுப்பில் வெல்ல வேண்டுமா? உரிமையைப் பரிசாக மாற்றுவது சீர்திருத்தம் ஆகாது.

தீர்வு கடினமானதன்று. ஒருவர் ஒரு பருவகாலத்தின் பாதி நாட்களுக்கு மேல் குழாத்தில் இருந்தால் அது முழு ஆண்டுச் சேவை என்று எழுதிவிடலாம். இரண்டு வாரம் ஒளித்து வைப்பதால் கிடைக்கும் இலாபம் அத்துடன் ஒழியும். உச்ச வீரரை மூன்று மாதம் வீட்டில் நிறுத்திவைக்க எந்த முகாமையாளரும் துணியமாட்டார்; இரசிகர்கள் விடமாட்டார்கள். 2022 ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பர் 1 உடன் முடிவதாக எழுதப்பட்டது. அதற்கடுத்த ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டிய முதல் வரி இதுவே.

இறுதியாக என் தொழிற்றோழர்களுக்கு ஒரு வார்த்தை. அறிக்கையில் உள்ளதை அப்படியே அச்சிடுவதற்கு நிருபர் தேவையில்லை. 'களத்தடுப்பு மெருகேற வேண்டும்' என்று ஒரு முகாமையாளர் சொன்னால், அதன் அருகில் 172 என்ற எண்ணையும், அந்த வீரர் எத்தனையாம் நாள் அழைக்கப்பட்டால் அந்த எண்ணை எட்டமாட்டார் என்பதையும் எழுதுங்கள். அதற்கு ஒரு நாட்காட்டி போதும். அதிகாரத்தில் இருப்பவர் சொல்லும் காரணத்தைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அரசியல் பக்கத்துக்கு மாத்திரம் உரிய கடமை என்று எவரும் விதித்துவிடவில்லை. அடுத்த மார்ச்சிலும் குழாங்கள் அறிவிக்கப்படும். அன்றைய செய்தியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.