டீசல் போட்டா நுரை பொங்குதா? பங்க்கையும் டிரைவரையும் சந்தேகப்படும் முன் லாரியில் பார்க்க வேண்டியவை!

'டேங்க் ஃபுல்' என்று சொல்லி நாசிலை வைத்தால், பத்து லிட்டர்கூட ஏறுவதற்குள் 'டக்'கென்று கட் ஆகிறது. டேங்க் வாய் வரை நுரை. அடங்கும் வரை காத்திருந்து மறுபடி அழுத்தினால், மறுபடியும் கட். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கிறார்.

தி.நகர் கடைகளுக்கு சரக்கு இறக்கும் பழைய மினி லாரிகள், மயிலாப்பூர், அடையாறு அடுக்குமாடிகளுக்கு ஓடும் தண்ணீர் லாரிகள் என நகரத்தைச் சுற்றும் பல பழைய டீசல் வண்டிகளில் இந்தத் தலைவலி வரலாம்.

உடனே எழும் சந்தேகங்கள் இரண்டு. பங்க்கில் ஏதோ கலக்குறாங்க. இல்லைன்னா, டிரைவர் டீசல்ல கை வைக்கிறார். ஆனால் பல நேரங்களில் உண்மையான காரணம், டேங்க்கில் அடைத்துக்கொண்ட சின்ன காற்றுக்குழாய்தான்.

நுரை ஏன் வருகிறது?

டேங்க்குக்குள் டீசல் இறங்கும்போது, உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும். அதற்காகவே டேங்க் மூடியிலோ தனிக் குழாயாகவோ ஒரு வழி இருக்கும். மெக்கானிக்குகள் இதை 'பிரீதர்' என்பார்கள். இது அடைபட்டால், காற்று டீசல் வரும் வழியிலேயே மேலே ஏறும். இரண்டும் மோதிக் கலந்து நுரையாகிறது. பெட்ரோலிலும் குமிழி வரும், ஆனால் சீக்கிரம் உடைந்துவிடும். டீசல் கொஞ்சம் கெட்டியானது என்பதால் நுரை நின்றுவிடுகிறது.

நாசில் ஏன் கட் ஆகிறது?

நாசிலின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். டீசல் ஓடும்போது அதன் வழியே காற்று உறிஞ்சப்படும். டேங்க் நிறைந்து ஓட்டை மூடிக்கொண்டால், கைப்பிடிக்குள் இருக்கும் அமைப்பு ஓட்டத்தை நிறுத்திவிடும். நுரை வந்து மூடினாலும் இதேதான் நடக்கும். அதாவது, டேங்க் நிறையாமலேயே 'ஃபுல்' ஆகிவிட்டதாக நாசில் ஏமாந்துவிடுகிறது.

டிரைவர் மேல் பழி விழுவது எப்படி?

டேங்க்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அடுத்த முறை போட்ட லிட்டரால் வகுத்துத்தான் பல ஓனர்கள் மைலேஜ் கணக்கு பார்க்கிறார்கள். நுரை இந்தக் கணக்கையே கெடுத்துவிடும்.

உதாரணமாக, லிட்டருக்கு 5 கி.மீ. தரும் ஒரு வண்டி 200 கி.மீ. ஓடியிருக்கிறது. 40 லிட்டர் போக வேண்டிய இடத்தில், நுரையால் 30 லிட்டரிலேயே நாசில் நின்றுவிடுகிறது. கணக்கில் மைலேஜ் சுமார் 6.7 கி.மீ. அடுத்த 200 கி.மீ. முடிந்து, பொறுமையாக நிரப்பும்போது 50 லிட்டர் பிடிக்கிறது. இப்போது மைலேஜ் 4 கி.மீ.

6.7-ல் இருந்து 4-க்கு விழுந்தால் ஓனர் யாரைக் கேட்பார்? டிரைவரைத்தான். ஆனால் 400 கி.மீ.க்கு 80 லிட்டர் என்று சேர்த்துப் பார்த்தால், அதே 5 கி.மீ. தான். ஒரு சொட்டுகூட காணாமல் போகவில்லை. நாலைந்து ஃபில்லிங்கைச் சேர்த்து சராசரி எடுத்தால் இந்தச் சண்டையே வராது.

அப்போ பங்க் மேல சந்தேகமே வேண்டாமா?

அப்படியும் இல்லை. 2017 ஏப்ரலில், லக்னோவில் உத்தரப்பிரதேச சிறப்பு அதிரடிப் படை நடத்திய சோதனைகளில், பம்ப்புகளில் ரகசியமாக சிப் பொருத்தி அளவைக் குறைத்தது பிடிபட்டது. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைக்கப்பட்ட பிறகும் சென்னையில் டீசல் லிட்டர் சுமார் 92 ரூபாயாக இருந்தது. அந்த விலையில் 5 லிட்டர் குறைந்தால் 460 ரூபாய் போச்சு.

ஆனால் அந்த மாதிரி மோசடிக்கும் நுரைக்கும் சம்பந்தம் இல்லை. மீட்டர் இருப்பது பம்ப்புக்குள்ளே. உங்கள் டேங்க்கில் வரும் நுரை அதைத் தாண்டிய பிறகு உருவாவது. மண்ணெண்ணெய் கலந்தால் தெரிய வருவது அடர்த்தி சோதனையில். நுரையை மட்டும் வைத்து கலப்படம் என்று சொல்ல முடியாது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி: எந்த பங்க்கில் போட்டாலும் உங்கள் வண்டியில் மட்டும் நுரை வந்தால், பிரச்சினை வண்டியில். ஒரே பங்க்கில், எல்லா வண்டியிலும் வந்தால், அங்கே பம்ப்பில் காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வண்டியில் எதைப் பார்ப்பது?

* மூடியைத் திறக்கும்போது 'புஸ்' சத்தம் வருகிறதா? கொஞ்ச தூரம் ஓடியதும் இன்ஜின் இழுவை குறைந்து, மூடியைத் திறந்து மூடினால் சரியாகிறதா? பிரீதர் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

* பிரீதர் குழாயில் தூசி, சேறு, குளவிக்கூடு இருக்கலாம். மழையில் தேங்கிய தண்ணீரில் ஓடிய வண்டி என்றால் கட்டாயம் பாருங்கள். குழாயைக் கழற்றி வெளியே வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். டேங்க்குக்குள் நேரடியாக கம்ப்ரஸர் காற்றை விடக் கூடாது.

* டேங்க் வாயில் சல்லடை இருந்தால் கழற்றிக் கழுவுங்கள். அழுக்கு சேர்ந்த சல்லடையும் டீசலைத் தடுத்து நுரையை எழுப்பும்.

* சரிசெய்யும் வரை, நாசிலை லேசாக அழுத்தி மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். நாசிலைக் கொஞ்சம் சாய்த்து, டேங்க்கின் பக்கச் சுவரில் டீசல் வழிந்து இறங்கும்படி பிடித்தாலும் நுரை குறையும்.

* கட் ஆன பிறகும் விடாமல் அழுத்தி வாய் வரை நிரப்ப வேண்டாம். வெயிலில் டீசல் விரிந்து வழியும். ரோட்டில் சிந்தினால், பின்னால் வரும் பைக்காரர் வழுக்கி விழுவார்.

அளவில் சந்தேகம் வந்தால்?

பங்க்கில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளை இருக்க வேண்டும். அதில் ஊற்றிக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. நுரை அடங்கிய பிறகே அளவைப் பாருங்கள். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதிக்கப்படுகிறது. அதற்கு மேல் குறைந்தால், எடையளவு சட்டத்தை அமல்படுத்தும் தமிழக தொழிலாளர் துறையிடமோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் செய்யலாம்.

8 ஆண்டு தாண்டிய சரக்கு வாகனங்களுக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுத்தாக வேண்டும். எப்படியும் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். அப்போதே பிரீதரையும் சல்லடையையும் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டால், பங்க் வரிசையில் ஹாரன் சத்தமும் குறையும், ஓனர் - டிரைவர் சண்டையும் குறையும்.